குடி பறித்த நினைவைத் தேடிய டாக்டர்

அவர் ஓர் எழுத்தாளர். ரஷியா தேசத்துக்காரர். வயது 37.

சைபீரியா பனிப் பிரதேசத்துக்கு அடிக்கடி பயணம் போய் வந்தவர். போன இடமெல்லாம் மதுவும் கூடவே போனது. அளவு இல்லாமல் குடித்தார்.

கடைசியில் அவர் ஒரு டாக்டரிடம் நோயாளியாக வந்து சேர்ந்தார்.

அவரைப் போன்ற நோயாளிகள் அந்த டாக்டரிடம் இன்னும் பலர் இருந்தார்கள். அவர்களிடம் முதல் தடவையாகப் பேசுகிறவர்களுக்கு, எதிரே இருப்பவர் நோயாளி என்றே தோன்றாது. பள்ளிக்கூட நாட்களைப் பற்றிக் கோர்வையாகப் பேசுவார்கள். வேடிக்கையாகப் பேசுவார்கள். சீட்டு விளையாடக் கூப்பிட்டால் வருவார்கள். யோசித்துத்தான் சீட்டைப் போடுவார்கள்.

ஆட்டம் முடியும். சீட்டை எடுத்து வைத்துவிடுவார்கள். அதற்குள் ஆட்டம் நடந்ததே நோயாளிக்கு மறந்துவிடும்!

டாக்டர் வந்து வணக்கம் சொல்லிப் பேசுவார். சில நிமிஷங்கள் வெளியே போய்விட்டுத் திரும்பி வருவார். அப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பது போல நோயாளி மறுபடியும் வணக்கம் சொல்வார். கையில் புத்தகத்தைக் கொடுத்தால் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பார். படித்தது நினைவில் நின்றால் அல்லவா அடுத்த பக்கத்துக்குப் போக முடியும்?

இருபது வருஷத்துக்கு முன்பு நடந்தது நினைவு இருக்கிறது. இரண்டு நிமிஷத்துக்கு முன்பு நடந்தது நினைவு இல்லை.

இது என்ன விந்தை?

குடித்துக் கெட்டவர்கள் என்று உலகம் இவர்களை ஒதுக்கியது. அந்த டாக்டர் ஒதுக்கவில்லை. அவர்கள் அருகில் உட்கார்ந்தார். பேசினார். சின்னச் சின்னச் சோதனைகள் செய்தார். ஒவ்வொன்றையும் எழுதி வைத்தார்.

அந்த டாக்டரின் பெயர் செர்கேய் கோர்சகோவ். குடியினால் மூளை எப்படிக் கெடுகிறது என்று இன்று உலகம் அறிந்திருப்பதற்கு அடிக்கல் நாட்டியவர்களில் முக்கியமானவர் அவர்.

கண்ணாடி ஊர்

மாஸ்கோவுக்குக் கிழக்கே வெகு தூரத்தில் கூஸ் என்ற ஆறு ஓடுகிறது. அதன் கரையில் ஓர் ஊர். பெயர் கூஸ் கிருஸ்தால்னி. கண்ணாடிப் பாத்திரங்களுக்குப் பேர்போன ஊர். இன்றும் அந்த ஊரின் பெயரைச் சொன்னால் ரஷியர்களுக்குக் கண்ணாடிக் கிண்ணங்கள்தான் நினைவுக்கு வரும்.

1854-ம் ஆண்டில் செர்கேய் கோர்சகோவ் அங்கு பிறந்தார். தகப்பனார் கண்ணாடித் தொழிற்சாலையின் நிர்வாகி.

சிறுவன் செர்கேய் படிப்பில் கெட்டிக்காரன். மாஸ்கோவுக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்கள். பள்ளிப் படிப்பைத் தங்கப் பதக்கத்தோடு முடித்தார். 1870-ல் மாஸ்கோ சர்வகலாசாலையில் வைத்தியப் படிப்பில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 16.

1875-ல் டாக்டர் பட்டம் கிடைத்தது.

கெட்டிக்கார டாக்டர்களுக்கு மாஸ்கோவில் பணம் கொட்டும் வழிகள் எத்தனையோ இருந்தன. கோர்சகோவ் அந்த வழிகளில் போகவில்லை. மாஸ்கோவின் பழைய மனநோய் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார்.

பிறகு கோஷெவ்னிகோவ் என்ற பேராசிரியரிடம் நரம்பு நோய்களைப் பற்றிப் பயிற்சி பெற்றார். மனம் வேறு, நரம்பு வேறு என்று பலர் நினைத்த காலம் அது. கோர்சகோவ் இரண்டையும் சேர்த்துப் படித்தார். பிற்காலத்தில் அவர் கண்டுபிடித்ததற்கு எல்லாம் இந்தப் படிப்புத்தான் வழி திறந்தது.

கட்டுகள் அவிழ்ந்தன

அந்தக் காலத்து மனநோய் ஆஸ்பத்திரிகள் எப்படி இருந்தன?

முரண்டு பிடிக்கும் நோயாளியின் கைகளைக் கட்டிப் போடுவார்கள். நீளமான கை வைத்த சட்டையை மாட்டி, இரண்டு கைகளையும் உடம்போடு சேர்த்து முதுகுப் பக்கம் முடிச்சுப் போடுவார்கள். தனி அறையில் அடைத்துக் கதவைப் பூட்டுவார்கள்.

இங்கிலாந்தில் ஜான் கொனொலி என்ற டாக்டர் 1839-லேயே தம்முடைய ஆஸ்பத்திரியில் இந்தக் கட்டுகளை அகற்றிக் காட்டியிருந்தார். ஆனாலும் பல தேசங்களில் பழைய வழக்கம் போகவில்லை. கட்டாமல் விட்டால் நோயாளி யாரையாவது அடித்துவிடுவான் என்று பயந்தார்கள்.

1881-ல் மாஸ்கோவில் இருந்த ஒரு தனியார் மனநோய் ஆஸ்பத்திரியின் பொறுப்பு கோர்சகோவ் கைக்கு வந்தது. அவர் கட்டுகளை அவிழ்க்கச் சொன்னார். கட்டிப் போடும் சட்டைகளுக்கு விடை கொடுத்தார்.

கட்டிப் போடுவதால் நோயாளியின் வெறி கூடுகிறதே தவிர, குறைவதில்லை என்பது அவருடைய அனுபவம். அமைதியான படுக்கை, அன்பான பேச்சு, கைக்கு ஒரு வேலை. இவைதான் மருந்து என்று நடத்திக் காட்டினார்.

ஒரு மனைவி கட்டிய ஆஸ்பத்திரி

மாஸ்கோவில் மோரோசோவ் என்று பெரிய நெசவாலைக் குடும்பம் ஒன்று இருந்தது. கோடீசுவரர்கள். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஆப்ராம் மோரோசோவுக்குப் புத்தி சுவாதீனம் தப்பியது.

அவருடைய மனைவி பெயர் வர்வாரா. கணவரை எங்கும் தள்ளிவிடாமல் தாமே வைத்துக் காப்பாற்றினார். 1882-ல் கணவர் இறந்தார்.

அந்தத் துயரத்தோடு வர்வாரா சும்மா இருந்துவிடவில்லை. தம் கணவரைப் போலத் துன்பப்படுகிறவர்களுக்கு நல்ல சிகிச்சை கிடைக்க வேண்டும் என்று நினைத்தார். மாஸ்கோ சர்வகலாசாலைக்குப் பெரும் பணம் கொடுத்தார். அந்தப் பணத்தில் கட்டிய மனநோய் ஆஸ்பத்திரி 1887-ல் திறக்கப்பட்டது.

அங்கு நோயாளிகளை நேரில் கவனிக்கும் வேலையை கோர்சகோவ் ஏற்றார். 1892-ல் பேராசிரியராக உயர்ந்தார்.

அந்த ஆஸ்பத்திரியிலும் நோயாளிகளைக் கட்டிப் போடவில்லை. தனி அறைகளில் அடைக்கும் வழக்கத்தையும் நிறுத்தினார். மாணவர்கள் அங்கு வந்துதான் மனநோய் வைத்தியம் படித்தார்கள். நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்பதையும் சேர்த்தே படித்தார்கள்.

காலும் போனது, நினைவும் போனது

அவர் எழுதி வந்த ஆராய்ச்சிக்கு வருவோம்.

வெகுநாள் குடித்தவர்களில் பலருக்குக் கால்கள் தளர்ந்துவிடுவதை அவர் பார்த்தார். முதலில் பாதத்தில் எரிச்சல். பிறகு மரத்துப்போதல். பிறகு நடக்க முடியாமை. 1887-ல் இதைப் பற்றி ஆராய்ச்சி நூல் எழுதி உயர்ந்த பட்டம் பெற்றார்.

அதை எழுதும்போதே இன்னொரு விஷயம் அவர் கண்ணில் பட்டது. கால் நரம்பு கெட்டவர்களில் பலருக்கு ஞாபகசக்தியும் கெட்டிருந்தது!

காலுக்கும் நினைவுக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டும் தனித்தனி வியாதிகள் அல்ல என்று அவர் முடிவு செய்தார். ஏதோ ஒரு கெடுதல் இரத்தத்தின் வழியாக உடம்பு முழுவதும் பரவுகிறது. அது காலில் உள்ள நரம்பையும் கெடுக்கிறது, மூளையையும் கெடுக்கிறது. இதுதான் அவருடைய அபிப்பிராயம்.

இன்னொன்றையும் அவர் மறைக்காமல் எழுதினார். இந்த நோய் வந்தவர்கள் எல்லோரும் குடிகாரர்கள் அல்ல. பிரசவத்துக்குப் பிறகு விஷக்காய்ச்சல் கண்ட பெண்களுக்கும், டைபாய்டு போன்ற கடும் நோயில் கிடந்தவர்களுக்கும் இப்படி நினைவு போயிருந்தது. ஆகவே, குடிப்பவனுக்குக் கிடைத்த தண்டனை என்று இதைச் சொல்லிவிட முடியாது. இது உடம்பில் வரும் வியாதி. காரணம் தெரிந்தால் தடுக்கலாம்.

இல்லாத கதைகள்

இரண்டு மாதமாகப் படுக்கையை விட்டே எழுந்திருக்க மாட்டார். நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்டால், வெளியே போய் வந்ததாக நோயாளி சொல்வார். யாரையோ பார்த்ததாகவும் சொல்வார்.

பொய் சொல்கிறாரா?

பொய் சொல்கிறவனுக்கு உண்மை தெரியும். இவருக்கு உண்மை தெரியாது. நினைவில் பெரிய பள்ளம் விழுந்திருக்கிறது. அந்தப் பள்ளத்தை மூளை தானாகவே ஏதோ ஒரு கதையைப் போட்டு மூடிவிடுகிறது. கதையை நோயாளியே நம்புகிறார்.

வீட்டில் இருப்பவர்களுக்கு இது தெரியாது. ஏமாற்றுகிறார் என்று கோபப்படுவார்கள். சண்டை வரும். இது ஏமாற்று அல்ல, நோயின் அடையாளம் என்று கோர்சகோவ் விளக்கினார். அந்த விளக்கம் எத்தனையோ குடும்பங்களுக்கு இன்றும் உதவுகிறது.

மின்சாரப் பெட்டி

ஒரு நோயாளிக்குக் கோர்சகோவ் மின்சாரக் கருவி ஒன்றினால் சிகிச்சை செய்தார். கொஞ்சம் அதிர்ச்சி கொடுக்கும் கருவி அது. நோயாளி வழக்கம் போல அதையும் மறந்துவிட்டார்.

பிறகு ஒரு தடவை டாக்டர் அந்தக் கருவியின் பெட்டியோடு அவரிடம் போனார். பெட்டியைப் பார்த்ததும், தமக்கு மின்சாரம் கொடுக்கத்தான் டாக்டர் வந்திருக்கிறார் போலும் என்று நோயாளி சொன்னார்!

டாக்டர் திகைத்தார். நோய் வருவதற்கு முன்பு இந்த மனிதர் அந்தக் கருவியைப் பார்த்ததே கிடையாது. நோய் வந்த பிறகு நடந்தது எதுவும் அவருக்கு நினைவு இல்லை. அப்படியானால் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது எப்படித் தெரிந்தது?

கோர்சகோவ் யோசித்தார். நோயாளிக்கே தெரியாமல் மூளையின் ஏதோ ஒரு மூலையில் அடையாளம் விழுந்திருக்கிறது. நினைவு முழுவதும் அழிந்துவிடவில்லை. அதை எடுத்துக்கொடுக்கும் வழிதான் அடைபட்டிருக்கிறது.

தெரிந்து நினைப்பது ஒன்று, தெரியாமலே நினைவு பதிவது மற்றொன்று என்று இன்றைய மூளை விஞ்ஞானிகள் பிரித்துச் சொல்கிறார்கள். பெரிய யந்திரம் எதுவும் இல்லாத காலத்தில், ஒரு பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே கோர்சகோவ் அந்த வாசலுக்கு வந்துவிட்டார்.

1889-ல் அவர் பிரெஞ்சு மொழியில் எழுதிய கட்டுரையில் இந்தச் சம்பவம் இருக்கிறது. சைபீரியா போய் வந்த எழுத்தாளரின் கதையும் அதில்தான் இருக்கிறது.

நோய்க்குப் பெயர்

1897-ல் உலக வைத்தியர்களின் மகாநாடு மாஸ்கோவில் கூடியது. பல தேசங்களில் இருந்து டாக்டர்கள் வந்தார்கள். ஜெர்மனியில் இருந்து பிரீட்ரிக் யோலி என்ற பேராசிரியர் வந்திருந்தார். இந்த நினைவு நோய்க்குக் கோர்சகோவின் பெயரையே சூட்டவேண்டும் என்று அவர் சொன்னார்.

அந்தப் பெயர் நிலைத்தது. ரஷிய டாக்டர் ஒருவரின் பெயர் உலகத்து வைத்தியப் புத்தகங்களில் எல்லாம் ஏறியது.

பெயரும் புகழும் வந்தபோது அவர் உடம்பு தளர்ந்திருந்தது. பருத்த உடம்பு. பலவீனமான இதயம். அதோடு இடைவிடாத வேலை. நோயாளிகள், மாணவர்கள், புத்தகம் எழுதுதல். ஏழை மாணவர்களுக்கு உதவும் சங்கத்திலும் முன்னின்று உழைத்தார்.

1900-ம் ஆண்டு மே மாதத்தில் அவருடைய இதயம் நின்றுவிட்டது. வயது 46.

மறு ஆண்டிலேயே அவர் நினைவாக நரம்பு, மனநோய்களுக்கான வைத்தியப் பத்திரிகை ஒன்று மாஸ்கோவில் தொடங்கப்பட்டது. அவர் வேலை செய்த ஆஸ்பத்திரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மறைந்திருந்த காரணம்

ஏதோ ஒரு கெடுதல் இரத்தத்தில் பரவுகிறது என்று கோர்சகோவ் நினைத்தார் அல்லவா? அந்தக் கெடுதல் எது என்று அறியாமலே அவர் கண்ணை மூடினார்.

பெர்லினில் கார்ல் வெர்னிக்கே என்ற டாக்டர் 1881-லேயே மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதியிருந்தார். இருவர் குடிகாரர்கள். ஒருத்தி திராவகம் குடித்த இளம் பெண். திராவகத்துக்குப் பிறகு அவள் வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தாள். மூவருக்கும் கண் அசைவு கெட்டது. நடை தள்ளாடியது. புத்தி தடுமாறியது. மூவரும் இறந்தார்கள். மூளையின் நடுப்பாகத்தில் இரத்தப் புள்ளிகள் இருந்தன.

வெர்னிக்கே பார்த்தது நோயின் தொடக்கம். கோர்சகோவ் பார்த்தது அதன் முடிவு. இரண்டும் ஒரே நோய் என்பது பிற்காலத்தில்தான் உலகத்துக்குத் தெளிவானது.

காரணமோ வேறு திசையில் இருந்து கிடைத்தது. அதைக் கண்டுபிடிக்க உதவியது அரிசி!

ஜாவா தீவில் ஐக்மன் என்ற டச்சு டாக்டர் பெரிபெரி என்ற கால் தளர்ச்சி நோயை ஆராய்ந்து வந்தார். நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசியைத் தின்ற கோழிகளுக்கும் கால் தளர்ந்தது. தவிட்டோடு கூடிய அரிசியைப் போட்டதும் கோழிகள் எழுந்து நடந்தன. தவிட்டில் ஏதோ இருக்கிறது! 1926-ல் ஜாவாவிலேயே இரண்டு விஞ்ஞானிகள் அதைத் தவிட்டில் இருந்து பிரித்து எடுத்தார்கள். அதன் பெயர் தயாமின். பி-1 வைட்டமின் என்பதும் அதுவே.

1936-ல் அதைச் செயற்கையாகச் செய்துகாட்டியவர் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர். அவர் பிறந்தது அமெரிக்காவில் அல்ல. அந்நாளைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூரில், பாதிரியார் குடும்பத்தில் பிறந்தவர்!

மூளை உயிர் வாழ்வது சர்க்கரைச் சத்தினால். அந்தச் சர்க்கரையை எரித்துச் சக்தியாக மாற்றத் தயாமின் வேண்டும். உடம்பு இதை அதிகமாகச் சேர்த்து வைப்பதில்லை. மொத்தமே சுமார் 30 மில்லிகிராம்தான். புதிதாகக் கிடைக்காவிட்டால் இரண்டு மூன்று வாரங்களில் தீர்ந்துவிடும்.

குடிப்பவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டாலும் தயாமினைக் குடல் ஏற்க விடாமல் மது தடுக்கிறது. கெட்டுப்போன கல்லீரல் அதைச் சேமிப்பதும் இல்லை. இப்படி மூன்று பக்கமும் அடி விழுகிறது. மூளை பட்டினி கிடக்கிறது.

சிறைக்கூடம் சொன்ன சாட்சி

இரண்டாவது உலகப் போரில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. ஆயிரக்கணக்கான போர்க் கைதிகள் தீட்டிய அரிசிச் சோற்றையே அரை வயிற்றுக்குத் தின்று கிடந்தார்கள்.

அவர்களிடையே கண் அசைவு கெட்டு, புத்தி தடுமாறியவர்கள் இருந்தார்கள். கைதியாக இருந்த டாக்டர்கள் டி வார்டனரும் லெனாக்சும் 52 பேரைக் கவனித்துக் குறிப்பு எழுதினார்கள். 1947-ல் அதை வெளியிட்டார்கள்.

இந்தக் கைதிகளுக்குக் குடிக்க மது ஏது? பட்டினிதான் காரணம். தயாமின் கொடுத்தால் பிழைத்தார்கள்.

இந்த நோய் வந்தவர்கள் எல்லோரும் குடிகாரர்கள் அல்ல என்று கோர்சகோவ் எழுதியதன் உள்ளர்த்தம் இப்போது விளங்கியது. அவர் தேடியது இரத்தத்தில் புகுந்த விஷத்தை. இருந்ததோ இரத்தத்தில் இல்லாமல் போன ஒரு சத்து.

மூளைக்குள் ஒரு பார்வை

கோர்சகோவின் காலத்தில் உயிரோடு இருப்பவரின் மூளையைப் பார்க்க வழி இல்லை. நோயாளி இறந்த பிறகுதான் பார்க்க முடியும்.

1971-ல் இங்கிலாந்தில் முதல் தடவையாக ஒரு நோயாளியின் தலையை ஸ்கேன் செய்தார்கள். ஹவுன்ஸ்பீல்டு என்ற எஞ்சினீயர் கண்டுபிடித்த யந்திரம் அது. பிறகு காந்த சக்தியால் படம் எடுக்கும் எம்.ஆர்.ஐ. வந்தது.

வெகுநாள் குடித்தவர்களின் படத்தைப் பார்த்தால் மூளை சுருங்கியிருப்பது தெரிகிறது. மேலே உள்ள மடிப்புகளின் இடைவெளி அகன்றிருக்கிறது. உள்ளே நீர் நிற்கும் அறைகள் பெரிதாகியிருக்கின்றன. நடையைச் சீர்ப்படுத்தும் சிறுமூளையும் தேய்ந்திருக்கிறது.

கோர்சகோவ் நோய் வந்தவர்களின் மூளை அடியில் இன்னும் ஒரு அடையாளம் தெரியும். அங்கு பட்டாணி அளவில் இரண்டு சிறு உருண்டைகள் உண்டு. நினைவைப் பதிக்கும் பாதையில் அவை ஒரு நிலையம். அந்த உருண்டைகள் இவர்களுக்கு வாடிச் சிறுத்துப் போயிருக்கும். அவற்றோடு சேர்ந்து வேலை செய்யும் தலாமஸ் என்ற பாகமும் கெட்டிருக்கும். மின்சாரப் பெட்டியைக் கண்டதும் கோர்சகோவ் ஊகித்த அடைபட்ட வழி இதுதான்.

1978-ல் கனடா விஞ்ஞானிகள் ஒரு நல்ல செய்தி சொன்னார்கள். குடியை நிறுத்தியவர்களுக்குச் சில காலம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். சிலருடைய மூளையின் சுருக்கம் குறைந்திருந்தது! குடித்தவனின் மூளை போனது போனதுதான் என்ற எண்ணம் அன்று ஆட்டம் கண்டது.

ஆனால் யந்திரம் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. படத்தில் எதுவும் தெரியாமலே நோய் இருக்கலாம். அதனால் இன்றும் டாக்டர்கள் கோர்சகோவ் செய்ததையே செய்கிறார்கள். மூன்று வார்த்தைகளைச் சொல்லி, ஐந்து நிமிஷம் கழித்துத் திரும்பக் கேட்கிறார்கள். கடிகாரம் வரையச் சொல்கிறார்கள். இன்று என்ன தேதி என்று கேட்கிறார்கள்.

கவனிக்காமல் விட்டால்

ஆஸ்திரேலியாவில் ஒரு கணக்கு எடுத்தார்கள். இறந்த பிறகு மூளையைச் சோதித்ததில் 131 பேருக்கு இந்த நோய் இருந்தது தெரிந்தது. அவர்களில் உயிரோடு இருந்தபோது நோயைக் கண்டுபிடித்தது 26 பேருக்குத்தான். 1986-ல் இந்தக் கணக்கு வெளியானது. மற்றவர்களுக்கு என்ன நினைத்திருப்பார்கள்? போதையில் தள்ளாடுகிறான் என்று நினைத்திருப்பார்கள்.

1991-ல் ஆஸ்திரேலிய அரசு ரொட்டி மாவில் தயாமின் சேர்க்கவேண்டும் என்று சட்டமே போட்டது.

குடிப்பழக்கம் உள்ளவர் சில நாட்களாகச் சாப்பிடாமல் இருக்கிறாரா? குடிக்காத நேரத்திலும் தள்ளாடுகிறாரா? ஒரு பொருள் இரண்டாகத் தெரிகிறது என்கிறாரா? பேச்சில் குழப்பம் இருக்கிறதா? தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிடக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அவர் குடிப்பவர் என்பதையும், சாப்பிடாமல் இருந்தார் என்பதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். தொடக்கத்திலேயே தயாமின் ஊசி போட்டால் மூளையைக் காப்பாற்றலாம். தாமதித்தால் நினைவு திரும்பாமலே போகலாம்.

வருஷக்கணக்கில் தினமும் குடித்தவர் திடீரென்று தானாக நிறுத்துவதும் ஆபத்து. வலிப்பு வரலாம். டாக்டரின் மேற்பார்வையில் நிறுத்துவதே நல்லது.

வெட்கப்பட்டு மறைக்கும் குடும்பங்கள் உண்டு. சனியன் தொலையட்டும் என்று வெறுத்து ஒதுக்கும் குடும்பங்களும் உண்டு. வர்வாரா மோரோசோவாவுக்கும் அந்த வெட்கம் இருந்திருக்கலாம். அவர் கணவரை ஒதுக்கவில்லை. மற்றவர்களின் கணவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஓர் ஆஸ்பத்திரி கட்டினார்.

அந்த ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கட்டை அவிழ்த்த கோர்சகோவ், தினமும் தம்மை மறந்துவிடும் மனிதர்களிடம் தினமும் போனார். தினமும் புதிதாக வணக்கம் வாங்கிக்கொண்டார். அவர்கள் அவரை நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. வைத்திய உலகம் வைத்துக்கொண்டது.